கைரேகைச் சட்டத்திலிருந்து ஆதார் வரை

தியாகதுருகத்தைப் பற்றி எழுத வருபவர்கள் கோட்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். 1757க்கும் 1761க்கும் இடையில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காக அடித்துக்கொண்டார்கள். 1790ல் திப்பு சுல்தானின் படை வந்து முட்டியபோது உள்ளேயிருந்து தாக்குப்பிடித்தவர் கேப்டன் ஃப்ளின்ட். பத்தாண்டுகளுக்கு முன் வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடமிருந்து காத்த அதே மனிதர். சமவெளியின் நடுவே இப்படியொரு குன்று இருந்தால் அதன் பயன் ஒன்றுதான்: யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். இன்று குன்றின் அடிவாரம் வழியே உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை போகிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பின், அச்சாலையின் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டி எது, எத்தனை மணிக்குக் கடந்தது என்ற விவரத்தை ஒரு சில்லு எழுதிவைத்துக்கொள்கிறது. கோட்டைக் காவலாளிக்குத் தூக்கம் வரும். அவன் கண்டதை மறந்தும் போவான். சில்லுக்கு அந்த இரு குறைகளும் இல்லை.

கணிப்பொறி, அந்தரங்கம், அரசுக் கட்டுப்பாடு என்று பேச்செடுத்தாலே, இது பெருநகரத்து ஆங்கிலம் படித்தவர்களின் கவலை, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று ஒதுக்கும் போக்கு நம் இலக்கியச் சூழலில் உண்டு. ‘சாப்பாட்டுக்கே வழியில்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு?’ என்ற கேள்வியைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது என்பதே நம் கருத்து. தமிழ் மண்ணில் அரசு தன் விரலைப் பதிவு செய்வதை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர்கள் படிப்பறிவில்லாத உழவர்கள்.

கைரேகை ஆளடையாளமாக ஆனதே இந்தியாவில்தான். 1858ல் வங்காளத்தின் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரர் பிறகு வாக்கு மாறக்கூடாதென்று அவருடைய கையை மையில் தோய்த்துத் தாளில் பதித்தார். 1897ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்திக் கோப்பில் தேடும் முறைக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது; அதற்கான கணக்குவேலையில் பெரும்பங்கு அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலர்களுடையது. நான்கே ஆண்டில், 1901ல், லண்டனின் ஸ்காட்லாந்து யார்டு அம்முறையை எடுத்துக்கொண்டது. அடிமை நாட்டில் சோதித்துப் பார்த்ததை ஆளும் நாடு இறக்குமதி செய்துகொண்டது. தொழில்நுட்ப வரலாற்றில் இந்தத் திசை அபூர்வமானது.

வகைப்படுத்திய கோப்பு கையில் வந்ததும் அதில் யாரை நிரப்புவது என்ற கேள்வி எழுந்தது. விடை முன்னமே தயாராயிருந்தது. 1871ல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒருவர் திருடினாரா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்று மட்டுமே கேட்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தின் ஆண்கள் பெயரைப் பதிய வேண்டும். விரல்ரேகையைத் தர வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். ஊர் மாறினால் தெரிவிக்க வேண்டும். மக்கள் இதற்கு வைத்த பெயர் அதன் அதிகாரபூர்வப் பெயரைவிடத் துல்லியமானது: கைரேகைச் சட்டம்.

தியாகதுருகம் அடங்கிய பழைய தென்னாற்காடு மாவட்டமும் இதற்குத் தப்பவில்லை. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேப்பூரின் பெயர், ஒரு தலித் சமூகத்தின் பெயரோடு ஒட்டப்பட்டுச் சட்டப் பட்டியலில் ஏறியது. ஊர்ப்பெயரே குற்றப்பெயராக ஆனதென்றால், அந்த ஊரில் பிறந்த குழந்தை தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே அதைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். குறவர்களின் பல பிரிவுகளும் அப்பட்டியலில் இருந்தன. இம்மாவட்டத்தின் அசீஸ் நகர்க் குடியிருப்பில் இத்தகையோரைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். சீர்திருத்தம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

எதிர்ப்பு பெரிதாக வெடித்தது மதுரைச் சீமையில். பிறமலைக் கள்ளர் கிராமங்களில் ரேகை எடுக்க வந்தபோது உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 15க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மக்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை அப்பகுதியினர் ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஜாலியன்வாலாபாக் நிகழ்ந்து ஓராண்டுகூட நிறையாத காலம் அது. அமிர்தசரஸ் நம் பாடப்புத்தகங்களில் பெற்ற இடத்தைப் பெருங்காமநல்லூர் பெறவில்லை. தேசம் கேட்டுச் செத்தவர்களுக்கு வரலாறு சீக்கிரம் இடம் தருகிறது. ‘என் விரல் என்னுடையது’ என்று செத்தவர்களை எந்த அலமாரியில் வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை போலும்.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947ல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952ல். நீங்கிய இடத்தில் வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் 1948லேயே இங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கைதிகளின் அடையாளங்களைப் பதியும் 1920ம் ஆண்டுச் சட்டம் இன்னும் நீண்ட ஆயுள் பெற்றது. 2022ல் வந்த புதிய சட்டம் அதை அகற்றியது. அகற்றிவிட்டு, விரலோடு கண்ணின் கருவிழியையும் சேர்த்துக்கொண்டது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கைநாட்டு’ என்பது தமிழில் வசை. எழுதத் தெரியாதவனைக் குறிக்கும் ஏளனம். கையெழுத்து படித்தவனுக்கு, ரேகை படிக்காதவனுக்கு என்ற பிரிவினை நூறாண்டு காலம் நிலவியது. 2009ல் அமைந்த தனித்துவ அடையாள ஆணையம் அந்தப் பிரிவினையை ஒழித்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டதிலிருந்து பேராசிரியரும் பெட்டிக்கடைக்காரரும் சமமாகக் கைநாட்டு ஆனார்கள்.

ஆதாரைக் கைரேகைச் சட்டத்தோடு ஒன்றாக்கிப் பேசுவது எளிது, ஆனால் நேர்மையன்று. முன்னது ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கப் பதிந்தது. பின்னது எல்லோரையும், உதவி பெறுவதற்கென்று பதிகிறது. பதிவேட்டில் இல்லாமல் போவதன் துயரத்தை அறிய நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. மேற்கே கல்வராயன் மலை, சுதந்திரத்துக்குப் பின்னும் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976ல்தான் அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தபோது, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் ஆகியவை அவர்களுக்குக் கிடைத்திருக்கின்றனவா என்பதும் கேள்வியாயிற்று. மலைவாசிக்கு அரசு தன்னைப் பார்க்கவில்லை என்பதே குறை. எனவே பதிவேடே தீமை என்று நாம் வாதிடவில்லை. எதற்காகப் பதிகிறார்கள், வேறெதற்கு அதைப் பயன்படுத்துவார்கள், பெயரை எடுக்க வழியுண்டா என்பவையே கேள்விகள்.

விரல் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையும் இங்கே சோதனைக்குள்ளாகிறது. கள்ளக்குறிச்சி கரும்பு விளையும் சீமை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கரும்பு வெட்டியும் நாற்று நட்டும் தேய்ந்த விரல்களை 2020 அக்டோபருக்குப் பின் நியாயவிலைக் கடைக் கருவியில் வைக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுதும் உழைத்ததாலேயே ரேகை அழிந்தவரைக் கருவி ‘நீ நீயல்ல’ என்கிறது. மாற்று வழிகள் உண்டு என்று விதி சொல்கிறது. அது விற்பனையாளரின் அன்றைய மனநிலையையும் பொறுத்தது.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் மெல்லத்தான் நகர்ந்தன. இரவில் காவலர் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும் உத்தரப்பிரதேச விதியை எதிர்த்த கரக் சிங் வழக்கில், 1962ல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையை மட்டும் ரத்து செய்தது. அந்தரங்க உரிமை என்று ஒன்றில்லை என்றும் கூறிற்று. நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டு எழுதினார். 1994ல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்று கதவைத் திறந்தது. தூக்குத்தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறைத்துறை தடுக்க முயன்ற வழக்கு அது. வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது என்றும், தன்னைத் தொந்தரவின்றி விடக் கோரும் உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றும் ஒரே தீர்ப்பு இரண்டையும் சொன்னது. எழுத்துச் சுதந்திரமும் அந்தரங்கமும் பகையாளிகள் என்று இன்று பேசுவோர் இதைப் படித்துப் பார்க்கலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தனர். மறு ஆண்டு ஆதார் சட்டத்தின் பெரும்பகுதி நிலைபெற்றது. தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்பதற்கு இடமளித்த பிரிவு விழுந்தது.

அதே 2018ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு பொதுநல மனுக்கள் வந்தன. இணையத்தில் அவதூறும் மிரட்டலும் பெருகிவிட்டன, ஆகவே சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் போன்ற அரசு அடையாளத்தோடு இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஆதார் இணைப்புக்கு நீதிமன்றம் இசையவில்லை. ஆனால் விசாரணை வேறு திசையில் விரிந்தது: வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு வதந்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டறிய முடியுமா? முடியும், ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் அம்முறையை எளிதில் ஏமாற்றலாம், அப்பாவிகள் மாட்டுவார்கள் என்று மறுத்தார். வழக்கை உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரியது ஃபேஸ்புக். தமிழ்நாட்டு அரசு முதலில் எதிர்த்து, 2019 அக்டோபரில் இணங்கியது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் விதிகளிலேயே ‘முதலில் அனுப்பியவரை’க் காட்டும் கடமை ஏறிவிட்டது. வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போவோம் என்று 2024ல் வாதிட்டது.

மறையாக்கம் என்பது பூட்டு. திறவுகோல் அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் கைபேசிகளில் மட்டுமே உண்டு. நடுவிலிருக்கும் நிறுவனத்திடம் இல்லை. ஒரு வதந்தியின் தோற்றுவாயைப் பின்னால் எப்போதாவது தேட வேண்டுமென்றால், எந்தச் செய்தி வதந்தியாகும் என்று முன்கூட்டித் தெரியாத காரணத்தால், எல்லாச் செய்திகளிலும் அடையாளம் குத்த வேண்டும். ஒரு திருடனைப் பிடிக்க ஒரு சமூகத்தின் எல்லா விரல்களையும் மையில் தோய்த்த தர்க்கம் இதுவேதான். இதிலும் ஒரு கோளாறு உண்டு. பெற்றதை முன்னனுப்பாமல் நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பிய அத்தைதான் கணக்கில் தோற்றுவாய் ஆவாள்.

எதிர்த்தரப்பின் கவலையைக் கள்ளக்குறிச்சிக்காரர்கள் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2022 ஜூலையில் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்ததைத் தொடர்ந்து, 17ம் தேதி பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன, பல மாணவர்களின் சான்றிதழ்களும் எரிந்தன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியே ஆட்கள் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. யூடியூப் ஓடைகள் தனி விசாரணை நடத்தித் தீர்ப்பும் வழங்கியதை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அந்த வாரம் அச்சாலையில் சென்றவருக்கு ‘கருத்துச் சுதந்திரம்’ என்ற சொல் எளிதாக வாயில் வந்திராது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழு ரகசியமன்று. அதிலுள்ள ஒருவர் தன் கைபேசியைக் காட்டினால் பூட்டை உடைக்காமலே எல்லாம் வெளிவரும். வன்முறையாளர்களைக் காணொளிப் பதிவுகளைக் கொண்டு காவல்துறை தேடியது. குறிப்பிட்ட குற்றம், குறிப்பிட்ட ஆள், அதற்கான சான்று என்ற பழைய வழி அங்கே அடைபட்டிருக்கவில்லை.

2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குக் கடமைகளை விதிக்கிறது. அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளவும் அதில் இடமிருக்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கிடைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அது செய்த திருத்தமோ உடனே அமலுக்கு வந்தது: தனிநபர் விவரம் என்றால் தர மறுக்கலாம். 1997லேயே, நாட்டில் முதலாவதாக, தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த மாநிலம் தமிழ்நாடு. பயனாளிப் பட்டியலைக் கேட்பவருக்கு, பட்டியலில் இருப்பவரின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டிக் கதவை மூடலாம் என்பது பெருங்காமநல்லூர்க்காரர்கள் கேட்ட பாதுகாப்பு அன்று.

பெயரை நீக்குவது பற்றிய கேள்வி மட்டும் தனியே நிற்கிறது. குற்ற வழக்கொன்றில் விடுதலையான ஒருவர், இணையத்தில் தேடினால் தீர்ப்பில் தன் பெயர் குற்றத்தோடு சேர்ந்தே வருகிறது, அதை மறைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். 2021ல் தனி நீதிபதி முதலில் அவர் பக்கம் சாய்ந்து, பின்னர் சட்டம் இல்லை என்று மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்திவைத்தது.