நுவரெலியாவும் நெல்லைச் சீமையும்: ஒரு பொருள்வயிற் பிரிவின் வரலாறு

சங்க அகப்பாடல்களில் தோய்ந்த அன்பர்களுக்குப் பொருள்வயிற் பிரிவு புதிதன்று. தலைவன் பொருள் தேடிப் பாலை கடந்து செல்வான். கார் தொடங்குமுன் மீள்வேன் என்று சொல்லிச் செல்வான். தலைவி சுவரில் கோடிட்டு நாள் எண்ணிக் காத்திருப்பாள். கடல்வழிச் செலவு பெண்டிரொடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் வரையறையும் செய்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொருநைக் கரையிலிருந்து தொடங்கிய ஒரு பிரிவுக்கு இவ்விலக்கணம் பொருந்தவில்லை. அதில் பெண்டிரும் குழந்தைகளும் உடன் சென்றனர். திரும்பும் பருவம் சொல்லில் இருந்தது; வாழ்வில் வரவில்லை. அவர்கள் சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று, வெள்ளையர் இளைப்பாறுவதற்கென்றே உருவாக்கிய ஒரு மலைநகரம். அதுவே இலங்கையின் நுவரெலியா.

ஆறு இருந்தும் ஏன் போனார்கள்?

தாமிரபரணி பாயும் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மருதூர், ஸ்ரீவைகுண்டம் முதலிய அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் இரு போகம் விளைவித்த சீமை இது. ஆனால் ஆற்றுக்குத்தான் வற்றாத வளம். வயலுக்கோ உடையவர் இருந்தனர். நன்செய் நிலம் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. அதில் இறங்கி நாற்று நட்டவர்க்கும் கதிர் அறுத்தவர்க்கும் கூலி நெல் அன்றி வேறில்லை. ஆற்றுப் பாய்ச்சலுக்கு அப்பால் தேரிக்காடும் கரிசலும் வானம் பார்த்துக் கிடந்தன. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டையே உலுக்கிற்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமையாரோடு திருநெல்வேலிச் சீமையாரும் இருந்தமைக்கு இவையே காரணங்கள்.

1876-இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் இருந்தது. தோட்டத்திற்குச் செல்வோரைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பும் முகாம் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் இயங்கியது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம் அல்லவா? அக்கப்பல்கள் ஓடிய வழித்தடமும் இதே தூத்துக்குடி - கொழும்புத் தடமே! வணிகரோடு, பிழைப்புத் தேடிச் சென்ற ஏழைகளும் அந்த வழியில் கடல் கடந்தனர். 1914-இல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்தபின் பயணிகளின் பெருங்கூட்டம் அங்கே திரும்பியது. தட்டப்பாறையின் வேலையை மண்டபம் முகாம் ஏற்றது.

இளைப்பாறும் நகரம்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உள்ளது. குளிரும் பனிமூட்டமும் இங்கிலாந்தை நினைவூட்டியதால், சமவெளி வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயர் உடல்நலம் தேறுவதற்கான இடமாக இதனைக் கண்டனர். 1820-களின் இறுதியில் ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் இங்கே தமக்கு மாளிகை கட்டினார். 1848-இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மனைவி மக்களோடும் இங்கிலாந்துக் கால்நடைகளோடும் வந்து பண்ணை அமைத்தார். 1855-இல் ஊர் திரும்பினார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்றவர் இவரே.

பின்னர் நகரம் வளர்ந்தது. 1873-இல் கிரகரி ஏரி. 1876-இல் ஹில் கிளப். 1885-இல் அருகிலுள்ள நானுஓயா வரை இரயில். 1889-இல் கோல்ஃப் மைதானம். ஏப்ரல் வந்தால் 'சீசன்': குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, விருந்துகள்.

இதே காலத்தில் சுற்றியிருந்த மலைகளும் மாறின. 1869-இல் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டு, பதினைந்து இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இந்த மாற்றம் பிரிவின் இலக்கணத்தையே மாற்றியது எனலாம். காப்பிக்குப் பருவம் உண்டு. ஆடவர் பெரும்பாலும் தனியே சென்று பழம் பறித்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து விடும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆள் வேண்டியதாயிற்று. வந்தவர்க்குத் திரும்பும் பருவமும் இல்லாது போயிற்று.

விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தல், நாள் முழுதும் பனியிலும் அட்டைக்கடியிலும் மலைச்சரிவில் ஏறி இறங்குதல், மாலையில் கொழுந்து நிறுத்தல், இரவில் லயத்தின் ஒற்றையறைக்குள் குடும்பமாக முடங்குதல், இதுவே அன்றாடம். நகரத்துக்குள் பங்களாக்களில் சமைக்கவும், பூந்தோட்டம் பேணவும், கடைகளில் நிற்கவும் தமிழர் இருந்தனர். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உழைப்பில் நின்றது.

உழைத்தும் பொருள் சேரவில்லையே, ஏன்? விடை 'துண்டு' என்ற சிறு தாளில் இருக்கிறது. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அந்தத் தோட்டம் கடனை அடைத்த பிறகே விடுவிக்கப்படுவார் என்று எழுதித் தரும் சீட்டே துண்டு. ஆள் மாறுவார், கடன் மாறாது. இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ஆண்டு 1921.

நம் நெல்லைப் புதுமைப்பித்தன் 1935-இல் மணிக்கொடியில் எழுதிய 'துன்பக்கேணி'யை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க இயலாது. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி என்ற பெண்ணின் கதை அது. தலைவன் பிரிவான், தலைவி ஆற்றியிருப்பாள் என்ற பழைய மரபுக்கு மாறாக, தலைவியே கடல் கடந்து சிதைவதை எழுதிய தமிழ்ப் படைப்புகளில் அது முதன்மையானது.

வெளிநாட்டார் ஆன நாள்

அவர்கள் கடல் கடந்தபோது தாம் அயல்நாடு செல்வதாக எண்ணியிருப்பார்களா? இலங்கை வேறு குடியேற்ற நாடு என்பது ஏட்டில் உண்மை. ஆனால் இரு கரையிலும் ஆண்டது ஒரே முடி. கடவுச்சீட்டுக் கேட்பார் இல்லை. சென்ற இடத்தில் முருகனும் மாரியம்மனும் இருந்தனர். கடல் அவர்களை வெளிநாட்டார் ஆக்கவில்லை, சட்டமே ஆக்கியது.

1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தமிழர் வாக்களித்தனர். நுவரெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறப்பாலும் வழியாலும் உரிமையை நிறுவத் தாள் வேண்டும் என்றது அது. லயத்தில் பிறந்தவரிடம் தாள் ஏது? 1949-இன் சட்டம் வேறொரு வழி சொல்லிற்று: மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பெரும்பாலோரின் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. வாக்குரிமையும் பறிபோயிற்று.

இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் வாழ்ந்தது ஏறத்தாழ அதே ஏழாண்டு. அவரும் அயலாரே, அவரும் பிழைப்பு நாடி வந்தவரே. அவர் நிலம் வாங்கினார், நூல் எழுதினார், நகரை நிறுவியவருள் ஒருவராகப் பெயர் பெற்றார். மூன்று தலைமுறை கொழுந்து பறித்தவர்க்கு அந்த ஏழாண்டை மெய்ப்பிக்க முடியவில்லை. ஏனெனில் வருகைப் பதிவேடு தோட்டத்தின் கையில் இருந்தது. தொழிலாளியின் கையில் இல்லை.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்றது அது. எஞ்சியோரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கப்பலேறித் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கியவர்களுக்குப் பாட்டன் ஊர் பெயரளவில் தெரியும். அவ்வூரில் நிலமோ வீடோ இல்லை.

அவர்களில் பலர் எங்கே குடியமர்த்தப்பட்டனர் தெரியுமா? நீலகிரியில்! தாயகம் திரும்பியோர்க்கென அரசு தொடங்கி, பின்னர் டான்டீ என்ற நிறுவனமாக வளர்ந்த தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இருக்கின்றன. வெள்ளையர் இளைப்பாற அமைத்த ஒரு மலையிலிருந்து கிளம்பி, அவர்களே இளைப்பாற அமைத்த மற்றொரு மலைக்கு வந்து, மீண்டும் கொழுந்து பறித்தனர். அங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' ஆயினர்.

இலங்கையில் தங்கியோரில் எஞ்சியவர்க்குக் குடியுரிமை கிடைக்க 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழரே.

பொருநையின் தலைமாட்டில்

இவ்வரலாறு கடலுக்கு அப்பால் மட்டும் நிகழ்ந்ததன்று. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன், தன் காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலைத் தேயிலை அங்கே பிறந்தது. 1999 ஜூலை 23 அன்று அத்தொழிலாளர்க்காகக் கூலி கேட்டு நெல்லையில் நடந்த ஊர்வலம் காவல்துறையின் தடியடியில் சிதறியது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளரை விடுவித்தது. குத்தகைக் காலம் 2028-இல் முடிகிறது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள், இனி எந்த ஊர் எங்கள் ஊர் என்று கேட்டார்கள். நுவரெலியாவில் 1948-இல் எழுந்த அதே கேள்வி!

இன்று நம்மவர் பலர் நுவரெலியாவுக்குச் சுற்றுலா செல்கின்றனர். சீத்தா எலியக் கோயிலில் வழிபடுகின்றனர். ஏரியில் படகு விடுகின்றனர். செல்க, மகிழ்க. ஆனால் சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றும் அத்தேயிலையைப் படம் எடுக்கும்போது, இடையே கூடை சுமந்து நிற்கும் பெண்ணிடம் ஒரு சொல் பேசிப் பாருங்கள். அவர் பாட்டி பிறந்த ஊர் உங்கள் ஊருக்கு இரண்டு கல் தொலைவிலும் இருக்கலாம்.