துவரை வணிகத்தில் விலை ஊசல்: இறக்குமதிக் கொள்கையும் நுகர்வோர் சந்தையும் (2015–2025)

முன்னுரை

2015ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி இந்திய நகரங்கள் பலவற்றில் ஒரு கிலோ துவரம் பருப்பின் விலை 200 ரூபாயைத் தொட்டது. 2017 தொடக்கத்தில் கர்நாடக, மகாராஷ்டிர மண்டிகளில் துவரை, குவிண்டாலுக்கு அரசு அறிவித்திருந்த 5,050 ரூபாய் ஆதரவு விலைக்கும் கீழே போனது. 2023இல் விலை மீண்டும் ஏறியது. 2025இல் மண்டி விலை மறுபடியும் ஆதரவு விலைக்குக் கீழே இறங்கியது. பத்தாண்டுக்குள் இருமுறை நுகர்வோர் தவித்தார்கள், இருமுறை உழவர்கள் நட்டப்பட்டார்கள்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: மழை பொய்த்தது, வணிகர் பதுக்கினர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மழைக்குறைவு ஓராண்டின் விளைச்சலைக் குறைக்குமே தவிர, பத்தாண்டு ஊசலை அதனால் மட்டும் விளக்க முடியாது. இறக்குமதி, இருப்பு ஆகியவை குறித்த விதிகள் விதைப்புக் காலத்தோடு ஒட்டாமல் அடிக்கடி மாறியதே இந்த ஊசலைப் பெரிதாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. ஒரே பெரிய வாங்குபவர்

கோதுமைக்கும் சோயாவுக்கும் பல நாடுகள் வாங்கி விற்கும் உலகச் சந்தை உண்டு. ஒரு நாடு ஒதுங்கினால் இன்னொரு நாடு வாங்கும். துவரையின் நிலை வேறு. உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடும், மிகுதியாக உண்ணும் நாடும், மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடும் இந்தியாவே. மியான்மரில் துவரை பயிராவதே பெரும்பாலும் இந்தியாவுக்காகத்தான். வணிகர்கள் 'லெமன்' என்று அழைக்கும் அந்தச் சரக்கு யாங்கூனிலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் வருகிறது. மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் ஏற்றுமதித் துவரையின் முதன்மையான வாடிக்கையாளர் இந்தியாதான்.

பன்னாட்டு வணிகப் பாடநூல்கள், இறக்குமதி செய்யும் நாடு உலக விலையை ஏற்றுக்கொள்ளும் நாடு என்ற எடுகோளிலிருந்து பெரும்பாலும் தொடங்குகின்றன. துவரைக்கு இது பொருந்தாது. இந்தியா வாங்கக் கிளம்பினாலே யாங்கூனில் விலை ஏறும். வாங்குவதை நிறுத்தினால் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் விலை விழும். உள்ளூரில் விளைச்சல் குறையும்போது வெளியிலிருந்து மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு, தேவை மிகும் வேளையில்தான் பொய்த்துப்போகிறது.

காலக்கணக்கையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் துவரை ஜூன், ஜூலையில் விதைக்கப்பட்டு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடையாகிறது. மியான்மர்ச் சரக்கும் ஏறக்குறைய அதே பருவத்தில் சந்தைக்கு வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்க அறுவடையோ ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டி நடக்கிறது. நம் மண்டிகளில் பழைய இருப்பு வற்றி, புது வரத்து தொடங்காத மாதங்களில் வந்துசேரும் சரக்கு அது. எனவே ஆகஸ்டில் எடுக்கப்படும் எந்த இறக்குமதி முடிவும் முதலில் ஆப்பிரிக்க உழவரைத்தான் தாக்கும்.

2. மண்டியிலிருந்து கடை வரை

விலை ஏன் ஏறுகிறது என்று கேட்கும் முன், நியாயமான விலை எவ்வளவு என்ற கணக்கைப் பார்ப்பது நல்லது. நூறு கிலோ துவரையை ஆலையில் கொடுத்தால் ஏறத்தாழ 70 முதல் 75 கிலோ பருப்பு கிடைக்கும். மீதி பொட்டும் குருணையுமாகப் போகும். பொட்டு மாட்டுத் தீவனமாக விற்கும். 72 கிலோ என்று வைத்துக்கொண்டால், குவிண்டால் 5,050 ரூபாய்க்கு வாங்கிய துவரையில் ஒரு கிலோ பருப்பின் மூலப்பொருள் செலவு 70 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கான 8,000 ரூபாய் ஆதரவு விலைப்படி அது 111 ரூபாய். இதன்மேல் எண்ணெய் தடவிக் காயவைத்தல், உடைத்தல், தரம் பிரித்தல், சாக்கு, வண்டி வாடகை, வட்டி, கடைக்காரரின் இலாபம் ஆகியவை சேரும்.

2015 இறுதியில் கடைவிலை 200 ரூபாயாக இருந்தபோது, மண்டியில் துவரையே ஆதரவு விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல் விற்றது. ஆகவே அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி மூலப்பொருளிலேயே இருந்தது. விலை இறங்கும்போதுதான் இடைநிலையின் பங்கு வெளிப்படுகிறது. மண்டி விலை சரிந்தாலும், அதிக விலைக்கு வாங்கிய பழைய சரக்கு விற்றுத் தீரும்வரை கடைவிலை அதே வேகத்தில் இறங்காது. உழவருக்கு விலை விழுந்த அன்றே நட்டம் தெரிகிறது. வாங்குபவருக்கு அதன் பயன் தாமதமாகவே வந்து சேர்கிறது.

3. 2015 – 2017: ஊசலின் உடற்கூறு

2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் தென்மேற்குப் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 2015-16இல் துவரை உற்பத்தி சுமார் 25.6 லட்சம் டன்னாகச் சுருங்கி, விலை உயர்ந்தது. உயர்ந்த விலையைப் பார்த்த உழவர்கள் 2016இல் பரப்பை சுமார் 40 லட்சம் ஹெக்டேரிலிருந்து 53 லட்சம் ஹெக்டேராகப் பெருக்கினர். மழையும் கைகொடுத்தது. 2016-17இல் விளைச்சல் சுமார் 48.7 லட்சம் டன். ஓராண்டில் ஏறத்தாழ இரு மடங்கு.

சென்ற ஆண்டு விலையைப் பார்த்து இந்த ஆண்டு விதைப்பதால் தட்டுப்பாடும் மிகையும் மாறி மாறி வருவதைப் பொருளியலில் சிலந்திவலைக் கோட்பாடு என்பர். நிக்கலஸ் கால்டார் 1934இல் இதற்குப் பெயரிட்டார். மார்டிகாய் எசக்கியேல் 1938இல் விரித்துரைத்தார். ஆண்டுக்கு ஒருமுறை விளையும் மானாவாரிப் பயிரான துவரைக்கு இது நன்கு பொருந்தும். அரசின் தலையீடு இத்தகைய சுழலைத் தணிக்க வேண்டும். நடந்ததோ வேறு.

விலை உச்சத்தில் இருந்தபோது, 2016 ஜூலையில், இந்தியா மொசாம்பிக்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி 2020-21இல் இரண்டு லட்சம் டன்னாக உயர்த்துவது அதன் இலக்கு. 2016-17இல் நாட்டில் வரலாறு காணாத விளைச்சல் இருந்தும், சுமார் ஏழு லட்சம் டன் துவரை இறக்குமதியானது. மண்டிகளில் விலை சரிந்தது. 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்ற உச்சவரம்பு வந்தது. அரசு ஒப்பந்தங்களுக்கு விலக்கு தரப்பட்டது.

இதை மொசாம்பிக் உழவரின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். இந்தியா ஒப்பந்தம் போட்ட செய்தி பரவிய பின் வந்த பருவத்தில் அவர் விதைத்தார். அறுவடை செய்து மூட்டை கட்டும் வேளையில் வரம்பு வந்தது. ஒப்பந்த அளவுக்கு மேல் விளைந்ததை வாங்க வேறு நாடில்லை. உள்ளூரில் அதைப் பெரிய அளவில் உண்ணும் வழக்கமும் இல்லை. பண்ணை விலை பெருமளவு சரிந்தது. இந்தியாவிலும் அடுத்த பருவத்தில் பரப்பு சுமார் 44 லட்சம் ஹெக்டேராகக் குறைந்தது. அடுத்த தட்டுப்பாட்டுக்கான விதை இரு கரைகளிலும் ஒரே ஆண்டில் விழுந்தது.

4. வரியால் ஏன் முடியவில்லை

அளவு வரம்புக்குப் பதில் சுங்கவரி போட்டிருந்தால் போதாதா என்று வணிகப் பொருளியலர் கேட்பர். வரி விலையைச் சற்றே மாற்றும், வழியை அடைக்காது என்பதால் பொதுவாக அது சரியான கேள்வி. 2017 மார்ச்சில் துவரைக்கு 10 விழுக்காடு வரி விதிக்கவும்பட்டது. ஆனால் மியான்மர், மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய நான்கும் மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகள் பட்டியலில் உள்ளவை. அத்தகைய நாடுகளுக்கு இந்தியா 2008 முதல் அளித்துவரும் சலுகையால் அச்சரக்கின் பெரும்பகுதிக்கு வரி பொருந்தவில்லை. கையில் எஞ்சிய கருவி அளவு வரம்பு ஒன்றே. ஏழை நாடுகளுக்குத் தந்த சலுகையே, அந்நாடுகளின் உழவர்மீது கடுமையான கருவியைப் பயன்படுத்தும் நிலைக்கு இட்டுச்சென்றது. இதற்குத் தீர்வு சலுகையைப் பறிப்பதில் இல்லை. எவ்வளவு வாங்குவோம் என்பதை விதைப்புக்கு முன் அறிவிப்பதில் இருக்கிறது.

2021 மே மாதம் இறக்குமதி மீண்டும் தடையின்றித் திறக்கப்பட்டது. முதலில் அந்த ஆண்டு அக்டோபர் வரை மட்டும். பிறகு நீட்டிப்பு, அதன்மேல் நீட்டிப்பு. அதே ஆண்டில் மியான்மரிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னும், மலாவியிலிருந்து 50,000 டன்னும் துவரை வாங்க ஐந்தாண்டு உடன்பாடுகள் ஏற்பட்டன. வாசல் திறந்திருந்தாலும் எந்நாளில் மூடப்படும் என்று தெரியாத நிலையில், விற்பவர் அந்த அபாயத்தையும் விலையில் சேர்த்தே விற்பார்.

5. இருப்பு வரம்பு

விலை மீண்டும் ஏறிய 2023இல், ஜூன் மாதம், அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் துவரைக்கு இருப்பு வரம்பு வந்தது: மொத்த வணிகருக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். செப்டம்பர் இறுதியில் மொத்த வணிகர் வரம்பு 50 டன்னாகக் குறைக்கப்பட்டது. ஒரு கண்டெய்னரில் சுமார் 24 டன் ஏற்றலாம். அதாவது இரண்டு கண்டெய்னர் வாங்கினால் வரம்பு நிறைந்துவிடும். ஆப்பிரிக்கச் சரக்கு துறைமுகத்துக்கு வரும் அதே மாதங்களில், அதை வாங்கிக் கிடங்கில் போடும் வணிகரின் கையை விதி கட்டியது. நவம்பரில் மீண்டும் 200 டன்னாகத் தளர்த்தப்பட்டது. இரண்டு மாதத்தில் இரண்டு மாற்றம்.

பதுக்கல் இல்லை என்று இங்கே வாதிடவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை விளைந்து ஆண்டு முழுவதும் உண்ணப்படும் பொருளை யாரோ ஒருவர் சேமித்து வைத்தே ஆக வேண்டும். அறுவடை மாதங்களில் வாங்கி வைப்பவரே உழவருக்கு விலை தருபவர். எந்த மாதத்தில் எவ்வளவு என்று பருவத்தோடு இணைத்து வரம்பை வகுத்தால்தான் சேமிப்பையும் பதுக்கலையும் பிரித்தறிய முடியும்.

6. நுகர்வோர் சந்தையும் தமிழ்நாட்டு அனுபவமும்

சாம்பார் அன்றாட உணவாக உள்ள தென்னிந்திய வீடுகளில் துவரம் பருப்பின் தேவை விலைக்கேற்ப எளிதில் மாறுவதில்லை. விலை ஏறும்போது குடும்பங்கள் பருப்பைக் கைவிடுவதில்லை. ஒரு பிடி குறைக்கும், பாசிப்பருப்பைக் கலக்கும், சாம்பாருக்குப் பதில் ரசம் வைக்கும். இழப்பு செலவுக் கணக்கில் தெரிவதைவிட, ஏழை வீடுகளில் தட்டிலுள்ள புரதத்தின் அளவில் கூடுதலாகத் தெரியும்.

இங்கேதான் 2007இல் தமிழ்நாடு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டம் கவனத்துக்குரியது. நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு தரும் இத்திட்டத்தால், சந்தை 200 ரூபாயைத் தொட்டபோதும் குடும்ப அட்டைதாரருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. கொள்முதலில் துவரம் பருப்புக்கு மாற்றாகக் கனடா மஞ்சள் பருப்பையும் ஏற்பதால், விலை உச்சத்தில் அரசே சந்தையில் மோதி விலையை மேலும் ஏற்றும் நிலை ஓரளவு தவிர்க்கப்படுகிறது. ஆனால் இந்தக் கொள்முதல் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தப்புள்ளிகள் வழியே நடக்கிறது. மாதந்தோறும் நிச்சயமாகத் தேவைப்படும் பருப்பின் ஒரு பகுதியையாவது, நிலக்கடலையில் ஊடுபயிராகத் துவரை போடும் தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர்களிடமிருந்து விதைப்புக்கு முன்பே விலை பேசி வாங்கினால், மானியத்தின் பயன் உழவருக்கும் சேரும்.

7. மாற்றுக் கருத்துகள்

இறக்குமதியை முற்றிலும் திறந்துவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. வாங்குபவரும் விற்பவரும் குறைந்த இந்த மெலிந்த சந்தையில் இது தட்டுப்பாட்டு ஆண்டில் வெளிநாட்டு விலையையும், மிகை ஆண்டில் உள்ளூர் நட்டத்தையும் பெருக்கும். தன்னிறைவே தீர்வு என்பது மற்றொரு தரப்பு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் துவரை, உளுந்து, மசூர் ஆகியவற்றுக்கு ஆறாண்டு இயக்கமும், நான்கு ஆண்டுகளுக்கு ஆதரவு விலைக் கொள்முதல் உறுதியும் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் வரியில்லா இறக்குமதியும் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. மண்டி விலை ஆதரவு விலைக்குக் கீழே இறங்கியது. ஒரு கையால் பயிரிடச் சொல்லி, மறு கையால் விலையை இறக்கும் கொள்கையில் தன்னிறைவு கைகூடாது. பருப்புக் கொள்கையை ஆராய்ந்த, அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் குழு 2016 செப்டம்பரிலேயே ஆதரவு விலையை உயர்த்துவதோடு ஏற்றுமதித் தடையையும் இருப்பு வரம்பையும் நீக்கப் பரிந்துரைத்தது. அவற்றை ஒருங்கே செயற்படுத்தாமல் வேண்டியபோது ஒன்று, வேண்டாதபோது இன்னொன்று என எடுத்துக்கொண்டதே குறை.

முடிவுரை

இக்கட்டுரை முன்வைக்கும் பரிந்துரைகள் மூன்று. ஒன்று, அடுத்த ஆண்டுக்கான இறக்குமதி அளவை ஆப்பிரிக்க விதைப்புக்கும் இந்திய விதைப்புக்கும் முன்னரே அறிவித்து, இடையில் மாற்றாதிருத்தல். இரண்டு, இறக்குமதிச் சரக்கு துறைமுகத்தில் வந்திறங்கும் விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால் அரசு கையிருப்புக்கு வாங்குதல், குறித்த உச்சத்தைத் தாண்டினால் விற்றல் என்ற விதியை எழுதிவைத்தல். மூன்று, இருப்பு வரம்பை அறுவடை மாதங்களில் தளர்த்தி, வரத்து வற்றும் மாதங்களில் இறுக்கும் ஒரு நிலையான அட்டவணை. இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை; 2014-15இலேயே ஏற்படுத்தப்பட்ட விலை நிலைப்படுத்தல் நிதியம் இருக்கிறது. தேவைப்படுவது அறிவித்த விதியை ஒரு பருவம் முழுவதும் மாற்றாமல் காக்கும் கட்டுப்பாடு மட்டுமே. அது வராதவரை, 2015க்கும் 2017க்கும் இடையே நடந்தது மீண்டும் நடக்கும். அதன் விலையைக் கர்நாடகத்தின் கலபுரகி உழவரும் நம்புலா உழவரும் கடையில் பருப்பு வாங்குபவரும் சேர்ந்தே கொடுப்பார்கள்.