ஒரே இழையில் நூறு நிறம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் சங்கராபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். வீடியோ காலில் அவர்களோடு பேசுவது செயற்கைக்கோள் வழியாகப் போகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழை வழியாகத்தான் போகிறது. சென்னை–சிங்கப்பூர் கடல் தடத்துக்கு 150 ஆண்டு வரலாறு உண்டு.

1871ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இயங்கத் தொடங்கியது. ஒரு செய்தி முடிந்த பிறகுதான் அடுத்த செய்தி. 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தொலைபேசிக்கான செம்புக் கேபிள் வந்தது. அதில் ஒரே நேரத்தில் பலர் பேசலாம். எப்படி? நம் பழைய ரேடியோவை நினைத்துப் பாருங்கள். திருச்சி, புதுச்சேரி, இலங்கை என்று எல்லா நிலையங்களும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. குமிழைத் திருப்பினால் வேண்டியது மட்டும் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை இருந்ததே காரணம். அந்தக் கேபிளிலும் ஒவ்வொரு பேச்சுக்கும் தனி அலைவரிசை.

அடுத்து வந்தது கண்ணாடி. தூய கண்ணாடி இழையில் ஒளியைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று 1966ல் சார்லஸ் காவோ எடுத்துக் காட்டினார். 2009ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொடக்கத்தில் ஓர் இழைக்கு ஓர் ஒளிதான். போகப் போக ஒளி மங்கும். வழியில் ஆங்காங்கே அதை மின்சாரமாக மாற்றி, சரிசெய்து, மறுபடி ஒளியாக்க வேண்டும். பத்து நிறங்களை அனுப்பினால் ஒவ்வொரு இடத்திலும் பத்துக் கருவிகள் வேண்டும். கட்டுபடியாகுமா?

இந்த முடிச்சு 1987ல் அவிழ்ந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர், எர்பியம் என்ற தனிமம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டினர். ஒரே கருவி பல நிறங்களையும் சேர்த்துப் பெருக்கியது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928ல் கண்டுபிடித்த விளைவின் அடிப்படையிலும் இன்று இழைக்குள் ஒளியைப் பெருக்குகிறார்கள்.

வகுப்பில் முப்பட்டகம் காட்டியது நினைவிருக்கிறதா? வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரியும். இன்னொரு முப்பட்டகத்தைத் தலைகீழாக வைத்தால் மறுபடி சேரும். இங்கும் அதே கதைதான். ஒரு கரையில் நிறங்களைச் சேர்க்கிறார்கள், மறுகரையில் பிரிக்கிறார்கள். இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு நிறங்கள். 1550 நானோமீட்டரை ஒட்டி, ஒன்றுக்கொன்று ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும். பொறியியல் படித்த பிள்ளைகள் இதை டபிள்யூ.டி.எம். என்பார்கள்.

2002ல் பாரதி, சிங்டெல் நிறுவனங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ‘ஐ டு ஐ’ கேபிளைத் தொடங்கின. நீளம் சுமார் 3,200 கி.மீ. மொத்தம் 8 இழைச் சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் 105 நிறங்கள், ஒவ்வொரு நிறத்திலும் நொடிக்கு 10 ஜிகாபிட். பெருக்கிப் பாருங்கள், 8,400 ஜிகாபிட் வருகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் உங்களில் பலருக்குக் கணினி வேலை கிடைத்ததில் இப்படிப்பட்ட கேபிள்களுக்கும் பங்கு உண்டு.

அதைவிட வியப்பு 2005ல் சென்னையைத் தொட்ட சீ-மீ-வீ 4 கேபிள். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை போகும் அது 1,280 ஜிகாபிட்டுக்காகத் திட்டமிடப்பட்டது. பிறகு கரையில் உள்ள கருவிகளை மட்டும் மாற்றி, ஒரு நிறத்தின் வேகத்தை 10லிருந்து 40, 100 ஜிகாபிட் என்று உயர்த்தினார்கள். மொத்தத் திறன் 4,600 ஜிகாபிட் ஆனது. கடலில் கிடக்கும் இழை அதே பழைய இழைதான்!

இனி நம் மலைக்கு வருவோம். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மலைக் கிராமப் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய் உட்கார்ந்ததை மறக்க முடியுமா? ஒரே இழையை நூறு மடங்காக்கும் வித்தை நம் கையில் இருக்கிறது. ஆனால் இழையே வராத ஊரில் அந்த வித்தை என்ன செய்யும்? பூஜ்யத்தை நூறால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோக மத்திய அரசு 2011ல் ஒப்புதல் தந்த திட்டமே இன்றைய பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது டான்ஃபினெட் நிறுவனத்தின் பொறுப்பு. ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்தால் போதாது, பள்ளிக்கூடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். ஒரு முறை நல்ல இழையைப் போட்டுவிட்டால், பேரப்பிள்ளைகள் காலத்திலும் முனைக் கருவியை மாற்றியே திறனைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: "நம் ஊருக்கு இழை வந்ததா? பள்ளிக்கூடத்தில் அது எரிகிறதா?" கல்வராயன்மலையில் பணிபுரியும் என் மாணவ ஆசிரியர்கள் உங்கள் ஊர் நிலவரத்தைக் கீழே எழுதுங்கள். படித்துப் பதில் எழுதுகிறேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார், சங்கராபுரம்