இராத்தலால் வீழ்ந்த விண்கலம்

நம் பாட்டிமார் கொழுந்தை இராத்தலில் நிறுத்தனர்; இன்று கிலோ. இரண்டும் மயங்கினால் என்ன நேருமென்பதைத் தராசடியில் நிற்போர் அறிவர். 1998 டிசம்பர் 11இல் அமெரிக்கா செவ்வாயை நோக்கி ஏவிய விண்கலம் இம்மயக்கத்தாலேயே அழிந்தது.

லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கை இராத்தலில் தந்தது. நாசாவின் வழிகாட்டுநரோ அதை நியூட்டன் என்றே கொண்டனர். வேற்றுமை 4.45 மடங்கு! நியூட்டனிலேயே தரவேண்டுமென்ற விதி ஏட்டில் இருந்தது. நிறைவேறிற்றா என்று பார்த்தவர் இலர். பாதை பிசகுவதைச் சிலர் கண்டு சொல்லவும் செய்தனர். முறைப்படி எழுதித் தராமையால் அச்சொல் எடுபடாமற் போயிற்று. (நம் லயத்துக் கூரை ஒழுக்கு முறைப்பாடுகளின் கதியும் இதுவன்றோ!)

1999 செப்டெம்பர் 23இல், 226 கிலோமீற்றர் உயரத்தில் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீற்றர் வரை தாழ்ந்து, செவ்வாயின் காற்றுமண்டலத்துட் புகுந்து மறைந்தது.