கஜானாவும் குடியானவனும்

ஓசூரை அடுத்த மத்திகிரியில், ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் சர்க்கார் கால்நடைப் பண்ணை 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் குதிரைப் படைக்குக் குதிரைகளைத் தயார் செய்வதற்காக ஏற்படுத்தப்பட்டதென்பது இப்பகுதி மக்களில் பலர் அறிந்த செய்தியே. ஆயினும், அந்தக் குதிரைகளின் விலையும், அவை தின்ற கொள்ளின் விலையும், அவற்றைப் பராமரித்த சேவகர்களின் சம்பளமும் யாருடைய உழைப்பிலிருந்து வந்தன என்பதையும், அவ்வாறு வந்த திரவியம் வழியில் எத்தனை கைகளில் ஒட்டிக்கொண்டது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. பண்ணை தோன்றிய காலத்தில் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. சர்க்கார் பணத்தை அபகரிக்கும் ரெவினியூ உத்தியோகஸ்தர்களைத் தண்டிக்கும் சட்டம் அவருடைய ஆட்சியில், 1822-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அச்சட்டத்துக்குக் காரணமான அநுபவத்தை அவர் இந்த எல்லைச் சீமையிலும் அதன் அண்டை ஜில்லாவிலுமே பெற்றார் என்பதால், அந்த வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1792-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கம்பெனியார் வசமாயிற்று. அதன் நிர்வாகம் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரிடம் ஒப்படைக்கப்பட, அவருக்கு உதவியாளர்களாகக் கிருஷ்ணகிரிப் பகுதியில் கிரஹாமும், தர்மபுரிப் பகுதியில் மன்றோவும், சேலம் பகுதியில் மக்லியோடும் நியமிக்கப்பட்டனர். மலைக்கு மேலே பாலாகாட் என வழங்கிய ஓசூர், மத்திகிரி முதலிய ஊர்கள் மட்டும் மைசூரின் வசத்திலேயே இருந்து, 1799-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னரே கம்பெனியாட்சிக்குள் வந்தன. ரீட் நிலங்களை அளந்து, ஒவ்வொரு குடியானவனுக்கும் அவன் சாகுபடி செய்யும் நிலத்தையும் அதற்குரிய தீர்வையையும் குறித்துப் பட்டா கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இடையில் நின்று குத்தகை பேசியவரும், நாட்டாண்மை செய்தவரும் தம் விருப்பம்போல் வசூலித்து, தம் விருப்பம்போல் சர்க்காருக்குச் செலுத்திய காலத்தில், தான் கொடுக்க வேண்டிய தொகை இவ்வளவுதான் என்று குடியானவன் தன் கையில் ஓர் ஆதாரத்தை வைத்திருப்பது சாமானியமான காரியமன்று. ரயத்துவாரி என்று பின்னர் ராஜதானி முழுவதும் பரவிய முறையின் உயிர்நாடி இந்தப் பட்டாவே.

ஆனால் பட்டா கையிலிருந்தால் மட்டும் போதுமா? அதை வாசிக்கவும், கச்சேரியிலுள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அவனால் முடிந்ததா? ஓசூர்ப் பக்கத்துக் குடியானவன் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ தமிழோ பேசுவான். கிராமத்துச் சானுபோகர் தமக்குப் பழக்கமான பாஷையில் கணக்கு எழுதுவார். ராஜதானியின் கச்சேரிகள் பலவற்றில் கணக்கு மராத்தியில் இருந்தது. மேலே செல்லும் அறிக்கையோ இங்கிலீஷில். பாஷை மாறும் ஒவ்வொரு படியிலும் தொகையும் மாறுவதற்கு இடமிருந்தது. விளைந்த நிலத்தைத் தரிசென்று எழுதிவிட்டு, அதன் தீர்வையை வசூலித்துத் தாமே எடுத்துக்கொள்வது ஒரு வழி. வறட்சிக்காகச் சர்க்கார் தள்ளுபடி செய்த தொகையைக் குடியானவனுக்குத் தெரிவிக்காமல் தண்டிவிடுவது மற்றொரு வழி. ரசீது கொடுக்காமல் வாங்கிய தவணையை மறுபடியும் கேட்பதும், கரை உயராத ஏரிக்கு மராமத்துச் செலவு எழுதுவதும் வேறு வழிகள். சர்க்காரை ஏமாற்றும் முறையும் குடிகளை ஏமாற்றும் முறையும் ஒரே ஏட்டில் ஒரே எழுத்தாணியால் எழுதப்பட்டன. இரண்டிலும் இறுதியில் நஷ்டமடைந்தவன் வரி கொடுத்தவனே.

இந்தத் தீமை எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்பதைக் கோயம்புத்தூர் ஜில்லா காட்டியது. காவிரிக்கு அப்பால் கொள்ளேகாலம் வரையில் பரவியிருந்த அந்த ஜில்லாவில், வில்லியம் காரோ என்பவர் கலெக்டராக இருந்த காலத்தில், கஜானாவின் தலைமைப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டியார் நாளடைவில் ஜில்லா நிர்வாகத்தையே தம் கைக்குள் கொண்டுவந்தார். பணத்தை எண்ணி வாங்கிப் பூட்டி வைக்க வேண்டியவரே உத்தியோகஸ்தர்களை ஆட்டி வைப்பவராகிவிட்டால் அவருக்கு எதிராகக் கணக்கு எழுதும் துணிவு யாருக்கு வரும்? பின்னர் கலெக்டராக வந்தவரும் உதகமண்டலத்தை நிறுவியவரென்று புகழ் பெற்றவருமான ஜான் சல்லிவனும், 1814-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பியிருந்த மன்றோவும் கமிஷனர்களாக அமர்ந்து 1816-ஆம் ஆண்டில் அங்கே விசாரணை நடத்தினர். சர்க்கார் பணமும் குடிகள் பணமும் பெருமளவில் அபகரிக்கப்பட்டது வெளிப்பட்டது. கலெக்டர் கண்காணிக்கத் தவறிய இடத்தில் கஜானா அதிகாரி ராஜாவாகிவிட்டதும் வெளிப்பட்டது.

இவ்வநுபவத்தின் பயனாகவே, மன்றோ கவர்னரான பின்னர், 1822-ஆம் வருஷத்து ஒன்பதாவது ரெகுலேஷன் இயற்றப்பட்டது. சர்க்கார் பணத்தைக் கையாடுதல், கணக்கைத் திருத்துதல், லஞ்சம் வாங்குதல் ஆகிய குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்கு அது வழங்கிற்று. சுதேசி உத்தியோகஸ்தர்களுக்குப் போதிய சம்பளம் கொடாமல் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்றும் மன்றோ வற்புறுத்தினார். இவ்விரண்டும் அறிவுடைய ஏற்பாடுகள் என்பதில் ஐயமில்லை. எனினும், அந்தச் சட்டத்தின் அடிப்படையில் ஒரு பெருங்குறை இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. குற்றம் செய்தவர் கலெக்டரின் கச்சேரி ஊழியர். விசாரிப்பவர் அதே கலெக்டர். அப்பீலைக் கேட்பதும் அந்தக் கலெக்டருக்கு மேலுள்ள ரெவினியூ போர்டு. தாசில்தாரின் சேவகனுக்குப் பயந்து வாழும் மத்திகிரிக் குடியானவன், தாசில்தாரின் எஜமானரிடம் சென்று தாசில்தாரைப் பற்றி முறையிட வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். பணம் கம்பெனியாருடையது, அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் கம்பெனியாருக்கே உண்டு என்ற எண்ணம் மாறாத வரையில், பிரஜை சாட்சியாக நிற்கலாமேயன்றி எஜமானனாக நிற்க முடியவில்லை.

அக்குறையின் விளைவு ஒரு தலைமுறைக்குப் பின் உலகறிய வெளிப்பட்டது. 1852-ஆம் ஆண்டில் கஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார் முதலானோர் நிறுவிய சென்னை சுதேசி சங்கம் குடிகளின் துன்பங்களைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் செவிகளுக்கு எட்டச் செய்தது. அதன் பயனாக 1854-ஆம் ஆண்டில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரடங்கிய கமிஷன் நியமிக்கப்பட்டது. மூன்றே மாதத்துக்குள் முறையிடும்படி அறிவித்தும், நேரில் வந்தவர்களும் எழுதியனுப்பியவர்களுமாக 1,900-க்கு மேற்பட்டோர் அக்கமிஷனை நாடினர். வரிப்பாக்கிக்காகக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்திய கொடுமையையும், விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்த கொடுமையையும் அவர்கள் சொன்னார்கள். சர்க்காருக்குச் சேர வேண்டிய வரிக்காக மட்டுமன்றி, உத்தியோகஸ்தர்கள் தமக்கென்று பறித்த தொகைக்காகவும் இவை நடந்தன என்றும் சொன்னார்கள். வரி வசூலிப்பவனே போலீஸ்காரனாகவும் இருக்கும் நாட்டில் முறையீட்டுக்கு வழியேது? 1859-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டம் அவ்விரண்டு அதிகாரங்களையும் பிரித்தது அந்த விசாரணையின் நேரடியான பலன். 1816-இல் கமிஷனர்கள் கணக்கேடுகளைப் புரட்டினார்கள். 1854-இல் கணக்கில் ஏறாத மனிதர்கள் பேசினார்கள். சரித்திரத்தில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் மிகப் பெரிது.

அதன் பின்னர், 1860-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டமும் முதல் ஆடிட்டர் ஜெனரலும் தோன்றியதும், 1921-ஆம் ஆண்டில் சட்டசபையின் பொதுக் கணக்குக் குழு பிறந்ததும், சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு 148-ஆம் விதியின் மூலம் தணிக்கை அதிகாரியை மந்திரிசபையின் கட்டளைக்கு அப்பாற்பட்டவராக்கியதும் படிப்படியாக நிகழ்ந்தன. இவற்றின் வலிமை கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1957-ஆம் ஆண்டின் இறுதியில். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், அதாவது ஏழை எளியவர்கள் மாதந்தோறும் செலுத்திய பிரீமியத்தின் காவலர், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வர்த்தகரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிய விவகாரத்தை, ஆளுங் கட்சியைச் சேர்ந்தவரான பெரோஸ் காந்தியே லோக் சபையில் எழுப்பினார். பம்பாயில் நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். மண்டபத்துக்குள் இடமின்றி வெளியில் நின்ற ஜனங்களும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. ஏறக்குறைய ஒரே மாதத்தில் அறிக்கை வந்தது. 1958 பிப்ரவரியில், திறமையில் நிகரற்றவராகிய நம் தமிழகத்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரி பதவியைத் துறந்தார். இலாகாவின் செய்கைக்கு மந்திரியே பொறுப்பாளி என்ற தர்மம் அன்று நிலைநாட்டப்பட்டது. மறு வருஷம், மத்திகிரிக்கு அதிக தூரமில்லாத தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பர்மிட்டும் லைசென்ஸும் பெருகுமிடத்தில் லஞ்சமும் பெருகும் என்று எச்சரித்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அவருடைய பொருளாதாரக் கொள்கையை ஏற்காதவர்களும் அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ய முடியாது.

இன்று மத்திகிரி பழைய மத்திகிரியன்று. சிப்காட் தொழிற்பேட்டைகளால் பெருகிய ஓசூரோடு அதன் பேரூராட்சி 2011-ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டு, இப்போது மாநகராட்சியின் பகுதியாக விளங்குகிறது. நிலவரி கொடுத்த குடியானவனின் இடத்தில், சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் செலுத்தும் தொழிலாளி நிற்கிறான். சாலையும் சாக்கடையும் போட்டதாக எழுதப்படும் எம். புக்கு, அதாவது வேலையின் அளவுப் புத்தகம், அந்நாளைய ஏரி மராமத்துக் கணக்கின் வாரிசு. பேதம் ஒன்றே: 1997-ஆம் ஆண்டில் தமிழ்நாடும், 2005-ஆம் ஆண்டில் பாரத தேசமும் தகவல் பெறும் உரிமையைச் சட்டமாக்கியதால், அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரம் இவனுக்கு உண்டு, 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளில் கூடும் பகுதி சபையில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

நல்ல கலெக்டர் வருவார், நல்ல கமிஷன் அமையும் என்று காத்திருப்பது, மன்றோ போன்ற உத்தமமான நிர்வாகியின் கீழேயே குடிகளைக் காப்பாற்றவில்லை. மேலிருந்து பார்க்கும் கண் எவ்வளவு கூர்மையானதாயினும், ரசீது இல்லாமல் பணம் கொடுத்தவன் வாய் திறக்கும் வரையில் அதற்குப் பாதி உண்மையே தெரியும். ஆகவே, நம் தெருவுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எடுத்த காண்டிராக்டர் யார், முடிந்த வேலை எவ்வளவு என்று கேட்பதை அதிகாரிகள் மீது காட்டும் பகையாக எவரும் கருத வேண்டியதில்லை. இரண்டு நூற்றாண்டுகளாக நம் முன்னோர் அடிபட்டும் அலைந்தும் சம்பாதித்துக் கொடுத்த உரிமை அது. பகுதி சபை கூடும் நாளில் வீட்டுக்கு ஒருவரேனும் சென்று அதைப் பிரயோகிப்பது, வரி செலுத்துவதைப் போலவே பிரஜையின் கடமையாகும்.