தாடை நரம்பருகே பல் இம்பிளான்ட்: முதல் 36 மணித்தியாலங்கள் ஏன் முக்கியம்?

கடந்த வருடம் என் சின்னம்மாவுக்குக் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் இழந்த இடத்தில் இம்பிளான்ட் பொருத்தினார்கள். மறுநாள் காலை தொலைபேசியில், "பிள்ளை, விறைப்பு இன்னும் விடேல்லை. தேத்தண்ணி சொண்டாலை வழியிறதும் தெரியேல்லை" என்றார். கிளினிக்கில் கேட்டபோது, "போகப்போகச் சரிவரும், அடுத்த கிழமை தையல் வெட்ட வாங்கோ" என்றார்கள். நானும் நம்பினேன். அந்த ஒரு கிழமையின் பெறுமதி, பின்னர் வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தபோதுதான் புரிந்தது.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்குள் செல்லும் நரம்பு கீழ்ப்பற்களுக்கு உணர்வு கொடுத்து, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழேயுள்ள துளையால் வெளியேறி, கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் செல்கிறது. இது உணர்வு நரம்பு மட்டுமே. உதட்டை அசைப்பது வேறு நரம்பு. அதனால் பாதிக்கப்பட்டவரின் முகம் கோணுவதில்லை, பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அவருக்கோ சூடு தெரியாது, உதட்டைக் கடித்தாலும் தெரியாது.

பல் போன பின் எலும்பு தேய்ந்து உயரம் குறையும். நரம்புக் கால்வாய்க்கும் இம்பிளான்டின் நுனிக்கும் இடையில் குறைந்தது 2 மில்லிமீற்றர் எலும்பு இருக்கவேண்டும் என்பது பொது விதி. துளையிடும் கருவியின் கூர்முனை இம்பிளான்டைவிடச் சற்று ஆழமாக இறங்கும் என்பதும் இதற்கு ஒரு காரணம். முழுத்தாடை எக்ஸ்ரே தட்டையான படம். அளவைப் பெருப்பித்தும் காட்டும். இடைவெளி குறைவென்று தோன்றினால், முப்பரிமாண சி.பி.சி.ரி. ஸ்கான் எடுத்து அளப்பதே பாதுகாப்பு. இடம் போதாவிட்டால் நீளம் குறைந்த இம்பிளான்ட், பாலப்பல், கழற்றி மாட்டும் பல் என்று வேறு வழிகள் உண்டு.

விறைப்பூசியின் தாக்கம் பொதுவாகச் சில மணித்தியாலங்களில் விட்டுவிடும். அன்றிரவும் உதடோ நாடியோ மரத்திருந்தால், அல்லது எரிவும் மின்னதிர்ச்சி போன்ற வலியும் இருந்தால், உடனே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். ஸ்கானில் இம்பிளான்ட் கால்வாயை அழுத்துவது தெரிந்தால், 24 முதல் 36 மணித்தியாலங்களுக்குள் அதைக் கழற்றுவதே நரம்பு மீள்வதற்கு நல்ல வாய்ப்பைத் தரும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. பிந்தினால் அந்த வாய்ப்பு குறைகிறது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகளையும் வைத்தியர் கொடுக்கலாம். கடையில் நாமாக வாங்கி விழுங்கக்கூடாது.

எல்லா மரப்பும் நிரந்தரமல்ல. நரம்பு நசுங்கியிருந்தால் வாரங்களில் அல்லது மாதங்களில் உணர்வு திரும்பலாம். அறுந்திருந்தால் நுண்சத்திரசிகிச்சை தேவைப்படலாம். மரத்த பகுதியைக் கண்ணாடி பார்த்துப் பென்சிலால் வரைந்து, திகதியுடன் படம் எடுத்து வையுங்கள். எல்லை சுருங்குகிறதா என்பதை அது காட்டும். கிளினிக் பொறுப்பாகப் பதிலளிக்காவிட்டால் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரை நாடுங்கள். கொழும்பு தேசிய பல் போதனா வைத்தியசாலையும் பேராதனை பல் போதனா வைத்தியசாலையும் இத்துறைக்கான அரச நிலையங்கள்.

பொருத்த முன்னர் கேட்கவேண்டியவை மூன்று: நரம்புக்கு எத்தனை மில்லிமீற்றர் இடைவெளி உண்டு? எந்தப் படத்தில் அளந்தீர்கள்? இரவில் விறைப்பு விடாவிட்டால் யாரை அழைப்பது?

சின்னம்மாவின் இம்பிளான்டை இரண்டாம் கிழமையில்தான் கழற்றினார்கள். உதட்டில் உணர்வு பெரும்பாலும் திரும்பிவிட்டது. நாடியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடம் இன்னும் மரத்தபடியே இருக்கிறது. தேத்தண்ணி குடித்து முடித்ததும் கையால் நாடியைத் துடைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.