1977: பெயர் வைக்கப்படாத புயல்

புயல் என்றவுடன் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே விழுங்கிய கதையைச் சின்ன வயதிலேயே கேட்டிருப்போம். அடுத்து 2018 கஜா, நாங்களே கண்ணால் பார்த்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் 1977-ல் ஒரு புயல் வந்ததே என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், "அப்படியா?" என்பார்கள். திருச்சியில் படிக்கிற நண்பர்களும் அதே "அப்படியா"தான்!

1977 நவம்பர் 12 அதிகாலை, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே 10 கி.மீ. தூரத்துக்குள் அந்தப் புயல் கரையைக் கடந்தது. (நாகை அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1991-ல்.) வானிலைத் துறைக் கணக்குப்படி இறந்தவர்கள் 560 பேர். வீடிழந்தவர்கள் 10 லட்சம் பேர். செத்த கால்நடைகள் 23,000. மொத்தச் சேதம் 155 கோடி ரூபாய். எம்.ஜி.ஆர். முதல்வராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

என்னை யோசிக்க வைத்தது இன்னொரு எண். அன்று காலை தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் காற்று மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகத்தில் அடித்திருக்கிறது. இதில் எதுவும் கடற்கரை ஊர் இல்லை. நாகையிலிருந்து திருச்சி சுமார் 140 கி.மீ. உள்ளே இருக்கிறது. புயலுக்குத் தீனி சூடான கடல்நீர். தரைக்கு வந்தால் தீனி நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் வலு குறைந்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது சரிதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அது எவ்வளவு தூரம் வந்துவிடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. டெல்டா முழுக்கத் தட்டையான வயல்வெளி. காற்றை மறிக்க ஒரு மலை கிடையாது. புதுக்கோட்டைக்கு அடுத்தது நாங்கள்தானே!

காற்று ஓய்ந்தாலும் மழை ஓயாது. திருச்சியைக் கவிழ்த்தது அந்த மழைதான். திருச்சியில் வெள்ளம் என்றால் நாம் காவிரியைத்தான் நினைப்போம். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் முன்கூட்டியே அறிவிப்பு வரும், கரையோர மக்களை வெளியேற்ற நேரம் இருக்கும். நகரின் மேற்கே ஓடும் கோரையாறு அப்படி இல்லை. வருடத்தில் பல மாதம் வறண்டு கிடக்கும், ஆடு மேயும். மணப்பாறைப் பக்கத்து மேட்டு நிலத்தில் கனமழை பெய்தால் மட்டும் உயிர் வரும். வழியில் ஏரி, குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். ஒரு கண்மாய் உடைந்தால் கீழே இருக்கிற கண்மாய் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அரியாறும் சேர்ந்து, புத்தூர் பக்கம் சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலைச் சந்தித்து, அதன் பிறகு குடமுருட்டி என்ற பெயரில் காவிரியில் போய் விழுகிறது. காவிரியே நிரம்பி ஓடினால் குடமுருட்டிக்கு வடிய வழியில்லை, தண்ணீர் பின்வாங்கித் தெருவுக்குள் வரும். 1977-ல் நகருக்குள் தண்ணீர் புகுந்ததில் இந்தச் சின்ன ஆறுகளுக்குத்தான் முக்கியப் பங்கு.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 2017-ல் ஹார்வி புயல் கரையேறிய ராக்போர்ட், ஹூஸ்டன் நகரத்திலிருந்து 200 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆனால் நாள்கணக்கில் மழை கொட்டி மூழ்கியது ஹூஸ்டன். கூடவே அந்தப் புயல் 50-க்கும் மேற்பட்ட டொர்னாடோக்களையும் இறக்கிவிட்டது. (நம் பத்திரிகைகள் புயலையும் சூறாவளி என்கின்றன, டொர்னாடோவையும் சூறாவளி என்கின்றன. வாசிப்பவன் பாடு திண்டாட்டம்.) ஹார்வியை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. நம் 1977 ஏன் மறந்து போனது?

எனக்குத் தோன்றும் முதல் காரணம் கொஞ்சம் கொடுமையானது. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திராவில் இன்னொரு புயல் கரையேறியது. திவிசீமா பகுதிக்குள் கடல் புகுந்து, அரசுக் கணக்கிலேயே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். நாட்டின் கவனம் முழுவதும் அங்கே போனது. பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் 560 சின்ன எண்ணாகிவிட்டது. அடுத்தது, தனுஷ்கோடிக்கு ஒரு ரயில் இருந்தது, சொல்லிச் சொல்லிக் கடத்த ஒரு படம் இருந்தது. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. இடிந்த குடிசைகளும் மூழ்கிய தெருக்களும்தான். மூன்றாவது, பெயர். வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004-ல்தான் வந்தது. வணிகவியல் மாணவன் பாஷையில் சொன்னால், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம் இல்லையா, அப்படி இந்தப் புயலும் அனாமத்தில் கிடக்கிறது :-)

அந்த 155 கோடியிலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. விழுந்த வீட்டுக்கு விலை போடலாம். ஆனால் உழவு மாடு போன விவசாயி அடுத்த போகத்துக்கு என்ன செய்வான்? தென்னை விழுந்தால், புதுக் கன்று காய்க்கக் குறைந்தது ஐந்து வருடம் ஆகும். அதுவரை வர வேண்டிய வருமானம் எந்தச் சேதக் கணக்கிலும் ஏறாது. கஜாவுக்குப் பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் கேட்டதும் இதைத்தான்.

2005 நவம்பரில் திருச்சி மறுபடியும் மூழ்கியது. அப்போதும் கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் கரைகள்தான். 1977-க்கும் அதற்கும் இடையில் 28 வருடம். வறண்டு கிடந்த அந்த ஆற்றோரத்தில் அதற்குள் புதுப்புது நகர்கள் முளைத்திருந்தன.